பள்ளி நாள் 7 மணி நேரமா, 11 மணி நேரமா?

கருமாத்தூரான் (இழையைத் தொடங்கியவர்)

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான் உண்டு என்பதால், மதுரை–தேனி சாலையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்தில் போய் வருகிறாள். சென்ற மாதம் இரண்டு வாரங்கள், அவள் வீட்டை விட்டுப் புறப்படும் நேரத்தையும் திரும்பி வரும் நேரத்தையும் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் குறித்து வைத்தேன். காலை 7.25க்குப் புறப்படுகிறாள். பேருந்து ஊர் ஊராகச் சுற்றிப் போய் 8.25க்குப் பள்ளி அருகே இறக்கிவிடுகிறது. முதல் மணி 9.20க்கு. மாலை 4.20க்குக் கடைசி மணி அடித்து, பத்து நிமிடம் நடந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் 4.25 வண்டி போய்விடுகிறது. அடுத்த வண்டி 5.35க்கு. வீட்டுக்குள் பையைக் கழற்றி வைக்கும்போது மணி 6.30.

இதைக் கூட்டிப் பார்த்தால் 11 மணி 5 நிமிடம் வருகிறது. அதில் பள்ளி எடுத்துக்கொள்வது 7 மணி நேரம். மீதமுள்ள 4 மணி 5 நிமிடத்தில், பூட்டிய வகுப்பறைக்கு வெளியேயும் நிழற்குடையிலும் சும்மா உட்கார்ந்திருப்பது மட்டும் 2 மணி நேரம். இதற்குப் பிறகு வீட்டுப்பாடம் இருக்கிறது.

பள்ளி நாளைக் குறைக்க வேண்டும், மாலை 3.30க்கே விட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம். பெரிய பெரிய கல்விக் கொள்கைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு பிள்ளையின் நாள் எவ்வளவு நீளம் என்று யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. உங்கள் கருத்துகளை எழுத வேண்டுகிறேன்.

மேலூர்க் கணக்கு டீச்சர்

ஐயா, உங்கள் நாட்காட்டித் தாளைப் போல நானும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அது வகுப்பறைக்கு உள்ளே எடுத்தது.

எங்கள் பள்ளியில் 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு. கூட்டினால் 5 மணி 20 நிமிடம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணை, ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 நாள்களும் 1000 மணி நேரமும் வேண்டும் என்கிறது. வகுத்துப் பாருங்கள்: தொடக்க வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 4 மணி நேரம், நடுநிலை வகுப்புகளுக்கு 4 மணி 33 நிமிடம். தாளில் பார்த்தால் நாம் சட்டம் கேட்பதைவிட அதிகமாகவே நடத்துகிறோம்.

ஆனால் ஒரு வாரம் கைக்கடிகாரத்தை மேசைமேல் கழற்றி வைத்துக்கொண்டு கவனித்தேன். எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவிலிருந்து மைதானத்தைக் கடந்து பத்தாம் வகுப்புக்குப் போய்ச் சேர 4 நிமிடம் ஆகிறது. முந்தைய பாடத்தின் கரும்பலகையை அழித்து, எழுந்து நின்ற பிள்ளைகளை உட்காரவைத்து, வராதவர் யார் என்று பார்த்து, நேற்றைய கணக்கை யார் போட்டு வந்தார்கள் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் மேலும் பத்து நிமிடம் போய்விடுகிறது. உண்மையில் கணக்கு நடந்தது 26 நிமிடம். இருபடிச் சமன்பாட்டில் ஒரு கணக்கை நான் போட்டுக் காட்டி, அடுத்ததைப் பிள்ளைகளே போடத் தொடங்கி, பின்வரிசையில் இருக்கும் பையன் ‘டீச்சர், மைனஸ் எங்கே போச்சு?’ என்று கேட்கிற அந்த நல்ல நொடியில்தான் மணி அடிக்கிறது.

எட்டுப் பாடவேளைகளிலும் 14 நிமிடம் இப்படிக் கரைந்தால் நாளொன்றுக்கு 1 மணி 52 நிமிடம். ஆகவே நாளின் நீளத்தைவிட, அதை எத்தனை துண்டாக நறுக்குகிறோம் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன். காலையில் 80 நிமிடமாக இரண்டு நீண்ட வேளைகள், பிற்பகலில் செய்முறை, நூலகம், விளையாட்டு என்று மாற்றினால், மணி நேரத்தைக் கூட்டாமலேயே படிப்பு கூடும். பின்லாந்தில் 45 நிமிடப் பாடத்துக்குப் பின் 15 நிமிடம் பிள்ளைகளை வெளியே அனுப்புகிறார்கள் என்று எல்லோரும் சொல்வோம். நம் பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளையையே பத்தாம் வகுப்புக் கணக்குக்கு வாங்கிக்கொள்கிறோம். வாங்கியவர்களில் நானும் ஒருத்தி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எல்லீஸ் நகர் அம்மா

என் மகன் தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி 8.15க்குத் தொடங்கி 3.30க்கு முடிகிறது, அதன் பிறகு நீட் வகுப்பு 5.30 வரை. வேன் எங்கள் தெருமுனைக்கு 7.10க்கு வந்துவிடுவதால் 5.45க்கு எழுப்ப வேண்டியிருக்கிறது. இரவு 11.30க்கு முன் அவன் படுத்து நான் பார்த்ததில்லை.

வளரிளம் பருவத்தில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது, இரவு சீக்கிரம் தூக்கம் வருவதில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்த வயதினர் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இலேயே, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னர் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா மாநிலத்தில் அதற்காகவே 2019இல் சட்டம் இயற்றி, 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 8.30, நடுநிலைப் பள்ளிகளுக்கு 8 மணி என்று எல்லை வகுத்தார்கள். மகாராஷ்டிரத்தில் 2024இல், நான்காம் வகுப்பு வரை 9 மணிக்கு முன் பள்ளி கூடாது என்று உத்தரவு வந்தது. அரசுப் பள்ளிப் பெற்றோர் 9.20 என்பதைக் குறையாகச் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. எங்களுக்கு அது கிடைத்தால் போதும்.

கருமாத்தூரான்

அம்மா, நான் 9.20 மணியைக் குறை சொல்லவில்லை. என் மகளும் 5.45க்குத்தான் எழுகிறாள். மணி 9.20க்கு அடித்தாலும் வண்டி 7.40க்கு வந்துவிடுகிறதே. உங்கள் மகனுக்கு வேன், என் மகளுக்கு நகரப் பேருந்து. மற்றபடி இருவர் கண்ணிலும் எரிச்சல் ஒன்றுதான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருமங்கலம்

மதிப்புக்குரிய நண்பர்களே, பள்ளி நாளைக் குறைக்க வேண்டும் என்ற சொல்லைக் கேட்டாலே என் போன்ற வயதினருக்கு 1953ஆம் ஆண்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அன்றைய முதலமைச்சர் ராஜாஜி கொண்டு வந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தில், நாட்டுப்புறப் பள்ளிகள் இரண்டு முறையாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி என்றாகியது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றார்கள். இடநெருக்கடி, ஆசிரியர் பற்றாக்குறை என்று நியாயங்கள் சொல்லப்பட்டன. ஆனால் மக்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்தார்கள். பெரியார் முன்னின்று நடத்திய எதிர்ப்பு வலுத்து, 1954இல் ராஜாஜி பதவி விலகி, அவருக்குப்பின் வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

என் தகப்பனார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ‘அரை நேரம் படிச்சவன் அரைக்கூலிக்குத்தான் போவான்’ என்று அவர் வாசலில் நின்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பள்ளி நாளைக் குறைத்தால் மிச்சமாகும் நேரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருக்காது. வசதியுள்ள வீட்டில் அது டியூஷனாகவும் நீச்சல் வகுப்பாகவும் மாறும், இல்லாத வீட்டில் வேலையாக மாறும். 3.30க்கு விடச் சொல்லும் நண்பர் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றி விவரம் கேட்டபோது, பெல்லாரி ஆட்சியர் அடுத்த ஆண்டு அனுப்பிய அறிக்கையில், பள்ளிகள் காலை ஆறு மணிக்கே தொடங்கும் என்று எழுதியிருக்கிறார். நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிகளும் விடியற்காலையில் தொடங்கியவைதான். அந்த நீண்ட நாளைப் பிள்ளைகள் தாங்கியதற்குக் காரணம், திண்ணை கூப்பிடு தூரத்தில் இருந்தது. நாம் பள்ளியைத் தூரத்தில் வைத்துவிட்டு நாளின் நீளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மல்லிகைத் தோட்டம்

தலைமையாசிரியர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நாங்கள் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு ஏக்கருக்கும் குறைவாக மல்லிகை போட்டிருக்கிறோம். அரும்பு வாய் திறப்பதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் சீசனில் விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்தில் இறங்குவோம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்தால், ஏழு மணிக்குள் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ போய்ச் சேர வேண்டும். பறிக்க ஆள் கிடைக்காத நாளில் பிள்ளைகளையும் எழுப்பியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

என் மகன் ஏழாம் வகுப்பு. பள்ளி 9.20க்குத் தொடங்குவதால் குளித்துச் சாப்பிட்டுப் போகிறான். 8.30க்குத் தொடங்கினால் அவன் போகும் நாள்களில் பாதி குறைந்துவிடும். மாலையில் 3.30க்கு விட்டால், அடுத்த வரப்பில் களை எடுக்கக் கூப்பிடுவேன். கூப்பிடக் கூடாது என்று தெரிந்தாலும் கூப்பிடுவேன். பள்ளியில் இருக்கும்வரைதான் அவன் பிள்ளை. அந்த நேரத்தைக் குறைக்காதீர்கள்.

சிம்மக்கல்

மாநகராட்சித் தொடக்கப்பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று எங்கள் பகுதியில்தான், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் 9 மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்த பிள்ளைகள் இப்போது 8.15க்கே தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளி நாள் முக்கால் மணி நேரம் நீண்டுவிட்டது. அதற்காக யாரும் போராடவில்லை, யாரும் அதை நீட்டிப்பு என்று சொல்லவுமில்லை. காரணம், அந்த நேரத்தில் ரவா உப்புமாவும் சாம்பாரும் இருக்கின்றன.

இந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அக்காள் ஆறாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு என்றால், தம்பி சாப்பிடும்போது அக்காள் வாசலில் நிற்பாள். கருமாத்தூரான் ஐயாவின் மகள் 8.25 முதல் 9.20 வரை எதைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும் அந்தத் தாளில் குறித்திருக்கலாம்.

கருமாத்தூரான்

கேட்டேன். நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கடையில் ஐந்து ரூபாய்க்கு ஒரு பன். சில நாள் அதுவும் இல்லை.

ஹைதராபாத்வாழ் மதுரையான்

ஒரு சிறு குறிப்பு. இங்கே மார்ச் நடுவில் தொடங்கிக் கோடை விடுமுறை வரை காலை 8 முதல் 12.30 வரை மட்டும் பள்ளி. மதிய உணவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மதுரை ஏப்ரல் வெயிலுக்கு இது பொருந்தும் என்று எழுத வந்தேன். மல்லிகைத் தோட்டம் அம்மா எழுதியதைப் படித்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தகரக் கூரை வகுப்பறைகளுக்காவது யோசிக்கலாம்.

பழைய டைம்கீப்பர்

போக்குவரத்துத் துறையில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றேன். அதில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் நேரக் காப்பாளர் வேலை. இந்த இழையை நான்கு நாள்களாகப் படித்து வருகிறேன். எல்லோரும் பள்ளியைப் பற்றிப் பேசுகிறீர்கள். பிள்ளையின் நாளை நீட்டுவது வண்டி என்று கருமாத்தூரான் முதல் பதிவிலேயே எழுதிவிட்டார். ஆனால் அவரே அதை விட்டுவிட்டு, 3.30க்கே பள்ளியை விட வேண்டும் என்ற பேச்சுக்குப் போய்விட்டார்.

ஒரு நகரப் பேருந்துக்கு ஒரு நாளைக்கு இத்தனை நடை என்று கணக்கு உண்டு. அந்த 4.25 வண்டி மதுரையிலிருந்து வெளியே போகும் நடை. கடைசி ஊரில் திரும்பி, மாலையில் நகரத்துக்குள் வேலை முடிந்து நிற்கும் கூட்டத்தை ஏற்றும் நடைக்கு வந்து சேர வேண்டும். அதைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் அடுத்தடுத்த நடைகள் எல்லாம் பின்னுக்குப் போய், இரவு கடைசி நடை அடிபடும். அந்தக் கடைசி நடையில் வருபவர்கள் பெரும்பாலும் ஜவுளிக்கடைப் பெண்கள். ஆகவே வண்டியை நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தால், மனு ஏற்கப்படாது அல்லது வேறு யாரோ இருட்டில் நிற்பார்கள்.

இன்னொரு சங்கதி. அந்தச் சாலையில் எனக்குத் தெரிந்து நான்கு பள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மணி அடிக்கின்றன. ஒரே வண்டியில் நான்கு பள்ளிப் பிள்ளைகளும் ஏற முடியாமல் படியில் தொங்குவார்கள். நடத்துநர் விசில் அடித்து மாய்ந்து போவார். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் பள்ளிகள் விட்டால் இருக்கிற வண்டிகளே போதும். அமெரிக்காவில் பள்ளிகள் ஏன் அவ்வளவு காலையில் தொடங்குகின்றன என்று எல்லீஸ் நகர் அம்மா விசாரித்துப் பார்க்கட்டும். அங்கும் பல ஊர்களில் காரணம் வண்டிதான்: ஒரே மஞ்சள் பேருந்து முதலில் ஒரு பள்ளிக்கும் பிறகு இன்னொரு பள்ளிக்கும் ஓட வேண்டும் என்பதற்காக ஒரு பள்ளியை முன்னே தள்ளினார்கள்.

சூரியக் கணக்கும் ஒன்று உண்டு. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து அமைந்தது. மதுரை ஏறத்தாழ 78.1 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், நம் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 17, 18 நிமிடம் பின்னால் வருகிறது. சனவரியில் ஆறரை மணிக்கு இன்னும் சூரியன் உதித்திருக்காது. காலையில் முன்னே தள்ளுகிறவர்கள் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் யோசனை மிகச் சின்னது. பிள்ளைகள் 8.25க்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் மணியை 9.10க்கு அடியுங்கள், கடைசி மணியை 4.10க்கு அடியுங்கள். 4.25 வண்டி கையில் கிடைக்கும்.

மேலூர்க் கணக்கு டீச்சர்

நேரக் காப்பாளர் ஐயா எழுதியதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பத்து நிமிடத்தை எடுக்கும்போது மதிய இடைவேளையில் கை வைத்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பள்ளியில் சத்துணவு வரிசை நகர்ந்து, தட்டைக் கழுவ ஆறு குழாய்களில் முந்நூறு பிள்ளைகள் முட்டி மோதி முடிக்க 50 நிமிடம் ஆகிறது. மீதிப் பத்து நிமிடத்தில்தான் அவர்கள் விளையாடுகிறார்கள்.

நீண்ட பாடவேளை பற்றிய என் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளாததில் எனக்குச் சற்று வருத்தம்தான். அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

மல்லிகைத் தோட்டம்

பத்து நிமிடம் என்றால் தாங்கும். அரை மணி என்றால் தாங்காது.

கருமாத்தூரான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நேரக் காப்பாளர் ஐயாவின் கணக்கை அப்படியே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். 3.30 பற்றி நான் வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியை முதலில் தயங்கினார். ஆசிரியர்களில் ஆறு பேர் மதுரையிலிருந்து வருபவர்கள், அவர்களுக்கும் ஒரு வண்டிக் கணக்கு உண்டு என்றார். அது நான் யோசிக்காத விஷயம். கல்வி அலுவலரிடம் கேட்டுவிட்டு, ஒரு மாதம் சோதனையாக 9.10க்குத் தொடங்கி 4.10க்கு முடிப்பது என்று முடிவானது. மதிய இடைவேளையை யாரும் தொடவில்லை.

முதல் நாள் மகள் 4.25 வண்டியைப் பிடித்து 5.20க்கு வீட்டுக்கு வந்தாள். பழைய கணக்கில் 11 மணி 5 நிமிடமாக இருந்த நாள் இப்போது 9 மணி 55 நிமிடம். மிச்சமான நேரத்தில் என்ன செய்தாள் என்று தலைமையாசிரியர் ஐயா கேட்பார் என்பதால் சொல்கிறேன்: சீருடையைக்கூட மாற்றாமல் திண்ணையில் படுத்து 6.30 வரை தூங்கினாள். இரண்டாம் நாளும் அப்படியே. இந்த வாரம்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பந்து விளையாடத் தொடங்கியிருக்கிறாள்.

ஆனால் எதிர்த்திசையில் போகிற பிள்ளைகள் பதினாறு பேருக்கு வண்டி 4.50க்கு. முன்பு அவர்கள் இருபது நிமிடம் நின்றார்கள், இப்போது முப்பது நிமிடம் நிற்கிறார்கள். ஒரு தாய் நேற்று என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, ‘உம்ம மகளுக்காக எம் மகன் வெயில்ல நிக்கணுமா?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. டைம்கீப்பர் ஐயா, அந்தத் தடத்தின் நடை நேரங்களும் தங்களுக்கு நினைவிருந்தால் எழுதுங்கள். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை.

பழைய டைம்கீப்பர்

நினைவிருக்கிறது. அந்தத் தடத்தில் மாற்ற முடியாதது காலை நடைதான், மாலை 4.50 வண்டிக்கு முன்னால் டெப்போவில் 12 நிமிடம் நிற்கும் நேரம் உண்டு. இன்று இரவு தாளில் போட்டு அனுப்புகிறேன்.